எடுக்கக் கூடாத போன்

காலையில் என் போன் அடிக்கும். நான் எடுக்கக் கூடாது. கொல்கத்தாவுக்கு வந்து எனக்குக் கிடைத்த வேலை இதுதான். சம்பளம் கிடையாது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய தண்டனை என்று புரியும். குக்கர் விசில் வருவதற்குள் நாலு தடவை அடுப்படிக்குப் போய் எட்டிப் பார்க்கிறவள் நான். பக்கத்து வீட்டில் காலிங் பெல் அடித்தால் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து பார்ப்பேன். “உன் காலில் சக்கரத்தைக் கட்டி விட்டுட்டாங்க” என்று என் கணவர் சொல்வார். மத்திய அரசு வேலையில் திருச்சியிலிருந்து இங்கே மாற்றல் வாங்கி வந்தவர் அவர். காலையில் ஆபீசுக்குப் போய்விடுவார். டாலிகஞ்ச் குவார்ட்டர்ஸில் நானும் என் சக்கரமும் மட்டும் மிஞ்சுவோம்.

அப்படிச் சுற்றிச் சுற்றி ஒருநாள் கிளப் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூலையில் அரிசி மூட்டை. ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைப் பருத்திப் புடவையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு அம்மாள். ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியை. தலைமையாசிரியையை இந்த ஊரில் ‘போர்தி’, அதாவது பெரிய அக்கா, என்பார்கள். பள்ளியை விட்டு வந்த பிறகும் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன அமைப்பு அது. வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, கையைக் கடிக்கும் மாதத்தில் குடும்பங்களுக்கு அரிசி பருப்பு, தனியாக இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று தினமும் ஒரு விசாரிப்பு. அந்த விசாரிப்புத்தான் என் தலையில் விழுந்தது.

முதலில் எல்லாரும் போன் செய்து பேச வேண்டும் என்றுதான் வைத்திருந்தார்களாம். தனியாக இருந்த ஒரு மாஷிமா, நம் ஊர்க் கணக்கில் பெரியம்மா, காலையில் கூப்பிட்டுத் தன் வாயுத் தொல்லையைப் பற்றி ஆரம்பித்தால், வெயில் ஏறும்வரை நிறுத்த மாட்டாராம். இந்த ஊரில் வாயுத் தொல்லைப் பேச்சுக்கு முடிவே கிடையாது. மற்றவர்களுக்கு லைன் கிடைக்காது. அதனால் போர்தி ஒரு விதி போட்டார். மிஸ்டு கால் போதும். ஒருதரம் அடித்துவிட்டுக் கட் செய்தால் நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம். வரவில்லை என்றால் நான் திருப்பிக் கூப்பிட வேண்டும். அதற்கும் பதில் இல்லை என்றால் ஒரு ஆள் நேரில் போக வேண்டும்.

கால் வந்துவிட்டால் யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. அதில் போர்தி கறார். “உதவி பண்றோம்னு வந்து அரிசி டின்னைத் திறந்து பாக்கறவங்கள இந்த ஜனங்க நெறையப் பாத்துட்டாங்க. நம்ம அப்படி இல்ல. நல்லா இருக்கேன்னு அவங்க சொன்னா, நல்லா இருக்காங்க. அவ்வளவுதான்” என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கையில் அடிக்கிற போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பது எனக்கு மட்டும்தான் தெரிந்த வேதனை. விரல் துறுதுறுக்கும். தோசைக் கரண்டியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

போகப் போக, அடிக்கிற விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். வாயுத் தொல்லை மாஷிமா நான் எப்படியும் எடுத்துவிடுவேன் என்ற நம்பிக்கையில் கடைசிவரை அடிக்க விடுவார். ஒரு தாத்தா பாதி மணியிலேயே பயந்து வெட்டிவிடுவார். இன்னொரு எண் ஒரு ஆயாவுடையது. ஆயா என்றால் நோயாளிகளை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிறவர். ஆயா சென்டர் என்று ஒன்று இருக்கும். அங்கே பெயர் கொடுத்து வைத்தால் வேலைக்கு அனுப்புவார்கள். இந்தப் பெண் ஜாதவ்பூரில் ஒரு வீட்டுக்குப் பகல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். காலையில் கிளம்பும் அவசரத்தில் போனை அழுத்திவிட்டுக் கட் செய்ய மறந்துவிடுவாள். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். சில நாள் அடித்ததையே மறந்து மறுபடி அடிப்பாள். அந்தக் குளறுபடி எனக்குப் பிடிக்கும். என்னைப் போலவே ஒருத்தி இந்த ஊரில் காலையில் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு திருப்தி.

அவள் கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன். போன புதிதில் பேசினான், பிறகு பேச்சே இல்லை. அவர்களுக்குப் பத்துப் பதினோரு வயதில் ஒரு பெண், அவளுக்குப் பின் ரொம்ப நாள் கழித்துப் பிறந்த ஒரு பொடிப் பையன். இரண்டும் மாலை வகுப்புக்கு வரும். அக்காவை இந்த ஊர் வழக்கப்படி அவன் ‘தீதி’ என்றே கூப்பிடுவான். நான் தமிழ்நாடு என்று தெரிந்த அன்றைக்கு அந்தப் பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “எங்க பாபாவை அங்க பாத்திருக்கீங்களா?” என்பதுதான். நான் இல்லை என்று சொன்னதும் தலையாட்டிவிட்டுப் போய்க் கணக்கைத் தொடர்ந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஆயாவின் மிஸ்டு கால் மாறியது. ஒரே ஒரு மணி. டக்கென்று கட். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். தவறு இல்லை, தாமதம் இல்லை, இரண்டாவது முறை இல்லை. விதிப்படி நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. அடுப்புக்கும் பால்கனிக்கும் நடந்தேன். “திருத்தமா அடிச்சா உனக்கு என்ன வந்தது?” என்றார் கணவர். “திருத்தமா அடிக்கற ஆள் இல்லைங்க அவ” என்றேன். அவர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெண் நோட்டுப் புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. பையனின் குரங்குக் குல்லாய் காதை மூடி ஒழுங்காக இருந்தது. ஆனால் அவளுடைய பின்னல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. தன் தலையைத் தானே பின்னிக்கொண்ட பிள்ளையின் பின்னல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாலையில் வேலை முடிந்து வரும் வழியில் அம்மா வந்து இருவரையும் கூட்டிப் போவது வழக்கம். அவளைக் காணவில்லை. கேட்டால், “மா நேரா வீட்டுக்குப் போய்ச் சமைக்கறா” என்றாள் பெண். நாலு நாள் கழித்துக் கேட்டபோதும் அதே பதில். அதே வார்த்தைகள்.

போர்தியிடம் சொன்னேன்.

“கால் வருதா இல்லையா?” என்றார்.

“வருது. அதுதான் பிரச்சனை.”

“கால் வராட்டி பிரச்சனை. வந்தாலும் பிரச்சனையா? நீங்க கொஞ்சம் டீ குடிங்க.”

இந்த ஊரில் என்ன சொன்னாலும் டீ குடிக்கச் சொல்கிறார்கள். அந்த மண் குவளையைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது. குடித்தேன்.

மறுநாள் காலையில் போன் அடித்தது. ஆயாவின் எண். நான் எடுத்துவிட்டேன். யோசித்து எடுத்தேன் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். கை எடுத்துவிட்டது.

நான் ஹலோ சொல்வதற்குள் அந்தப் பக்கம் பொடியன் கத்தினான். “மா எடுத்துட்டா! குடு, குடு, நான் பேசறேன், மா எப்ப வருவா, குடு!” பிறகு ஒரு சின்னக் கை வாயைப் பொத்துகிற சத்தம். கட்.

அடுப்பை அணைத்துவிட்டு இறங்கி நடந்தேன். வீட்டில் இருக்கும் அம்மாவிடம் போனில் பேச வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் அழாது.

அவர்கள் இருந்தது ஒரு பழைய பெரிய வீட்டின் பின்பக்க அறையில். வீட்டுக்காரர்கள் பெங்களூரில் மகனோடு போய் இருக்கிறார்கள். முன்பக்கம் முழுதும் பூட்டு. காவலுக்கு இருக்கிறாற்போல் இருக்கட்டும் என்று ஆயாவுக்குப் பின்னறையை விட்டிருந்தார்கள். அதனால் எட்டிப் பார்க்கப் பக்கத்துக் குடித்தனம் என்று ஒன்று இல்லை.

பெண்தான் கதவைத் திறந்தாள். முழுதும் திறக்கவில்லை. “மா வேலைக்குப் போயாச்சு” என்றாள். என் ஓட்டை பெங்காலியில், “நேத்து ராத்திரி மா இங்க தூங்கினாளா?” என்று கேட்டேன். அவள் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். அவளுடைய கைக்குக் கீழே தலையை நுழைத்துப் பொடியன், “மா ரயில் பக்கத்துல இருக்கா. நெறைய நாளா” என்றான்.

அவள் அவனை அடிக்கவில்லை. கதவை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

விஷயம் இதுதான். ஜாதவ்பூர் நோயாளி இறந்துவிட்டார். ஆயா சென்டர் அடுத்து அனுப்பியது ஆற்றுக்கு அந்தப் பக்கம், சாந்த்ராகாச்சியில் ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு. இரவு பகல் அங்கேயே தங்க வேண்டும். மாட்டேன் என்றால் சென்டர் மறுபடி கூப்பிடாது. கிளம்பும்போது அவள் தன் போனை மகளிடம் கொடுத்து, தினமும் காலையில் ஒரு மணி மட்டும் அடித்துக் கட் செய்யச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். தினமும் இருட்டுவதற்குள் நோயாளி வீட்டு போனிலிருந்து பிள்ளைகளுடன் பேசுவாள். அரிசி, உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். அந்தச் சின்னப் பெண் சமைத்து, துவைத்து, தம்பியைக் கிளப்பி, பள்ளிக்கும் வகுப்புக்கும் தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

“போர்திகிட்ட சொல்வீங்களா?” என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். “சொன்னா ஹோமுக்கு அனுப்புவாங்க. பொண்ணுங்க ஹோம் வேற, பசங்க ஹோம் வேற. எங்க கூடப் படிச்ச அக்கா தம்பி போனாங்கல்ல. ரெண்டு பேரும் ரெண்டு எடம். அவ அழுதுக்கிட்டே போனா.”

அது உண்மை. ராத்திரியில் பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகள் தனியாக இருப்பது தெரிந்தால் குழந்தைகள் நல அதிகாரிகளுக்குச் சொல்லியே தீர வேண்டும். சொல்லாவிட்டால் எங்கள் அமைப்பையே மூடிவிடலாம். சொன்னால் இந்த இரண்டும் இரண்டு ஊரில் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் முழுக்க அந்த அம்மாவின் மேல். இவளை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு சாந்த்ராகாச்சி பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. நான் மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். பெங்காலியில் திட்டு வார்த்தைகள் போதவில்லை என்பதால் தமிழில் திட்டினேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் விசாரித்து மாடி ஏறினேன். அவளே கதவைத் திறந்தாள். கையில் கிண்ணம், ஸ்பூன். உள்ளே கட்டிலில் பக்கவாதம் வந்த ஒரு கிழவர் குழந்தை மாதிரி வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. “என்ன ஆச்சு பிள்ளைகளுக்கு?”

“ஒண்ணும் ஆகல. ஆயிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

படிக்கட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். “எப்படித் தெரிஞ்சது?”

“போனை எடுத்தேன்.”

“எடுத்தீங்களா?” என்றாள். பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. “எடுக்க மாட்டோம்னு நீங்கதானே சொன்னீங்க? எடுக்க மாட்டீங்கன்னு நம்பித்தானே போனை அவகிட்ட விட்டுட்டு வந்தேன்?”

நான் நாலு கேள்வியோடு போனவள். கேள்வி கேட்டது அவள்.

“தப்புதான்,” என்றாள். “ராத்திரி ஒவ்வொரு தடவையும் ரயில் கூவும்போது எழுந்து உக்காந்துக்கறேன். ஆனா நீங்க சொல்லுங்க, தீதி. இவருக்கு எழுந்திருக்க ஆள் வேணும். சென்டர் சொன்ன எடத்துக்குப் போகலேன்னா எனக்கு வேலை இல்ல. ஊர்ல எனக்கு யாரும் இல்ல. உங்ககிட்ட சொன்னா பிள்ளைகள எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. நான் வேற என்ன பண்ணியிருக்கணும்? நிஜமாவே கேக்கறேன்.”

உள்ளே கிழவர் ஏதோ முனகினார். அவள் ஓடிப்போய் அவர் வாயைத் துடைத்துவிட்டு வந்தாள். அவருடைய மகளுக்குப் பிரசவம் ஆகி, மருமகள் உதவிக்குப் போயிருப்பதாகவும், அந்த மருமகள் திரும்பியதும் பகல் வேலை மட்டும் போதும் என்று சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். இந்த மாதம் தாண்டினால் போதும் என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திட்ட வந்த பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பினேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கத் தயங்கினார்.

நேரே போர்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், போனை எடுத்தது உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“சொல்லித்தான் ஆகணும். ராத்திரி தனியா இருக்கற பிள்ளைங்க” என்றார்.

“சொன்னா பிரிச்சிடுவாங்க.”

“தெரியும். போன தடவ கூட்டிக்கிட்டுப் போய் விட்டதே நான்தான்.” கழற்றிய கண்ணாடியை மடியில் வைத்தார். “அந்தப் பையன் என் புடவையை விடவே இல்ல.”

அவர் என்னை டீ குடிக்கச் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. வாசலுக்கும் மூட்டைக்கும் நான் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் அவர் எரிச்சலோடு, “கொஞ்சம் நில்லுங்களேன், தல சுத்துது!” என்றார். பிறகு, “ராத்திரி பெரியவங்க ஒருத்தர் கூட இருந்தா அது தனியா இருக்கற பிள்ளைங்க இல்ல. அப்ப யாருக்கும் சொல்ல வேண்டியதும் இல்ல” என்றார்.

“யார் இருக்கறது?”

“உங்களுக்குத்தான் ஒரு எடத்துல இருப்புக் கொள்ளாதே. பாயைத் தூக்கிக்கிட்டுப் போங்க. ஒரு நாள் நீங்க, ஒரு நாள் நான்.”

வீட்டில் சொன்னபோது கணவர், “உனக்கு இங்க ஒரு வீடு இருக்கறது ஞாபகம் இருக்கட்டும்” என்றார். சொல்லிவிட்டு அவரே பரணிலிருந்து கனமான கம்பளியை இறக்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் வகுப்பு முடிந்து பிள்ளைகளும் நானுமாக மூன்று பேரும் சேர்ந்து அந்தப் பின்னறைக்குப் போனோம். மா வருகிறவரைக்கும் யாராவது ஒருவர் கூட இருப்போம், போர்திக்குத் தெரியும், ஹோம் கிடையாது என்று வழியிலேயே சொன்னேன். பொடியன் குதித்தான். பெண் “சரி” என்றாள். நான் சமைக்கிறேன் என்றேன், விடவில்லை. முட்டைக் குழம்பு அவளே வைத்தாள். எனக்கு முட்டை ஆகாது என்று கண்டுபிடித்து உருளைக்கிழங்கை மட்டும் தனியாக எடுத்துப் போட்டாள். நான் எழுந்தால், “உக்காருங்க” என்று அதட்டினாள். என்னை உட்கார வைத்த முதல் ஆள் அவள்தான்.

சாப்பிட்டதும் கொசுவலையைக் கட்டித் தம்பியை உள்ளே தள்ளினாள். தானும் நுழைந்து அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“உன் பேர் என்ன?”

அவன் சொன்னான்.

“மா பேர்?”

சொன்னான்.

“எந்தத் தெரு? வீட்டுக்கு முன்னாடி என்ன இருக்கு?”

தெருப் பெயரைச் சொல்லி, தண்ணீர்க் குழாய், பூட்டின கேட் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். பள்ளிப் பாடம் என்று நினைத்தேன்.

“தீதி பேர் என்ன?”

“தீதி.”

“அது இல்ல. பேர்.”

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “தீதி!” என்று இன்னும் பலமாகச் சொன்னான். எனக்கும் சிரிப்பு வந்தது. “தூக்கம் வந்திருச்சு அவனுக்கு. பாடத்தை நாளைக்குப் படிக்கலாமே” என்றேன்.

“பாடம் இல்ல,” என்றாள். “பசங்க ஹோம்ல கேட்டா சொல்லணும்ல? மத்ததெல்லாம் வந்துடுச்சு. என் பேர் மட்டும் வரமாட்டேங்குது. அங்க இருக்கறவங்க எல்லாரும் தீதிதான். உன் தீதி யாருன்னு கேட்டா, இவன் யாரைக் காட்டுவான்?”

வலைக்குள் கையை விட்டு அவள் முழங்காலைத் தொட்டேன். “யாரும் அவனை எங்கயும் கொண்டுபோக மாட்டாங்கடா. நான்தான் இங்க இருக்கேனே. போர்தியும் சொல்லிட்டாங்களே” என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

“தெரியும்” என்றாள். தம்பியின் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டு, சரிந்துகொண்டிருந்த அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“இன்னொரு தடவை சொல்லு. தீதி பேர் என்ன?”